ஜில்லுவின் இடது மூக்கு

இரண்டே நாள்தான் நான் ஊரில் இல்லை. வானூர்ப் பக்கம் தங்கைக்கு வளைகாப்பு. அதற்குள் எங்கள் உப்பளத்தில் ஒரு நாய்க்கு வெறி பிடித்து, பஞ்சாயத்து நடந்து, தீர்ப்பும் சொல்லி, குழி வெட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். வேறு எந்தக் காரியத்தையும் இவ்வளவு வேகமாக இவர்கள் செய்து நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் கௌதமன் உப்பு மூட்டை ஏற்றக் குட்டி யானை வண்டியை ஓட்டி வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். மடியில் ஒரு தூக்கு, அதில் ஜில்லுவுக்காக எடுத்து வந்த வளைகாப்பு வீட்டுக் கறிச்சோறு. குட்டி யானைச் சத்தம் கேட்டாலே ஜில்லு வரப்பு மேல் வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடிவரும். அன்றைக்கு அதைக் காணோம். ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டில் மண்வெட்டிச் சத்தம்தான் கேட்டது. போய்ப் பார்த்தால், மேஸ்திரி கலியபெருமாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழக் குழிக்குள் நின்றிருந்தார்.

"இன்னாங்க மேஸ்திரி, தென்னம்பிள்ளை வைக்கப் போறீங்களா?"

அவர் நிமிரவில்லை. "உன் நாய்க்கு வெறி புடிச்சிடுச்சு செல்வி. முடிச்சிட்டு இங்க புதைக்கணும். ஊர்ல சொல்லிட்டேன், ரெண்டு பேரு சுருக்குக் கம்பியோட வர்றாங்க."

நேற்றுவரை அது நம்ம நாய். பாம்பு காட்டியபோது நம்ம நாய். வெறி என்றதும் என் நாயாகிவிட்டது. எனக்குக் காது மடல் வரை சூடேறியது. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, யார் பார்த்தது, எப்போது பார்த்தது, என்ன பார்த்தது என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினேன்.

ஜில்லுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழுப்பு நிறத் தெருநாய், பெட்டை. வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி முடிக்க வேண்டும் என்று நாங்கள் விடியுமுன்னே டார்ச்சும் கையுமாக வரப்பில் நடப்போம். ஜில்லு எங்களுக்கு முன்னால் போகும். எங்காவது நின்று, மூக்கைத் தரையில் வைத்து உறுமினால் அங்கே பாம்பு என்று அர்த்தம். எங்களுக்கு வெளிச்சம் டார்ச்சில், உயிர் அதன் மூக்கில். அந்த மூக்கால்தான் அதற்கு இப்போது வினை வந்திருந்தது.

என்னோடு உப்பு வாருகிற தையல்நாயகி அக்கா ஓடி வந்தாள்.

"நீ போன அன்னிக்கே ஆரம்பிச்சுடுச்சு செல்வி. சும்மா தும்மிக்கினே இருந்துச்சு. மூக்கு ஒழுவுச்சு. உப்புக் காத்துதானேன்னு வுட்டுட்டோம். நேத்து பாத்தா மூக்குல ரத்தம். தலைய உதறுது, மூஞ்ச காலால பிராண்டுது, வாயில எச்சி வடியுது. சோறு வெச்சா மோந்துகூடப் பாக்கல."

"சளி புடிச்சிருக்கும் அக்கா. வெறின்னு எப்படிச் சொல்றீங்க?"

"தண்ணியக் கண்டா ஓடுதுடி. வேணும்னா நீயே பாரு."

அவள் ஷெட்டுக்குள் போய் நீல நிற பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டு வந்தாள். ஜில்லு உப்பு அம்பாரத்து நிழலில் சுருண்டு கிடந்தது. என்னைப் பார்த்ததும் வால் லேசாக ஆடியது. அடுத்த நொடி கண் அந்த மக்கின் மேல் போனது. அவ்வளவுதான். கிறீச்சென்று கத்திக்கொண்டு, வாலைக் காலிடுக்கில் சொருகி, வரப்பு மேல் விழுந்தடித்து ஓடியது.

"பாத்தியா?" என்றார் மேஸ்திரி. குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்குக் காரணம் தெரியும். அவருடைய சித்தப்பா மகன் நாய்க்கடியில் செத்தவன். ஊசி போடாமல் அலட்சியமாக இருந்து, கடைசியில் ஒரு வாய் தண்ணீர் முழுங்க முடியாமல் துடித்துச் செத்ததைக் கலியபெருமாள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். அதனால் அவர் மேல் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. முக்கால்வாசி கோபப்பட்டேன்.

"டாக்டருக்கு போன் போடலாம்" என்றேன்.

"டாக்டர் இன்னாத்த சொல்லப் போறாரு, நாய் தண்ணிய கண்டா ஓடுது, வேற இன்னா வேணும்?"

கௌதமன் அதற்குள் போனை எடுத்துவிட்டார். எங்கள் ஆட்டுக்குக் குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டபோது வந்து காப்பாற்றிய சத்யப்ரியா டாக்டரின் நம்பர் அவரிடம் இருந்தது. மாட்டாஸ்பத்திரியில் அவரைப் பிடிப்பதே பெரிய பாடு. அன்றைக்கு இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"முதல்ல யாரும் கிட்ட போகாதீங்க" என்றார் டாக்டர். "யாரையாவது கடிச்சுதா? நகத்தால கீறிச்சா?"

"இல்லைங்க மேடம்."

"வெறிநாய் ஊசி போட்ட நாயா?"

"போன வருஷம் கருத்தடை முகாமுல போட்டாங்க. அடையாளத்துக்குக் காது நுனிகூட வெட்டி இருக்குது."

"சரி. மூக்கு ரெண்டு பக்கமும் ஒழுகுதா, ஒரு பக்கம் மட்டும் ஒழுகுதா?"

நான் எல்லார் முகத்தையும் பார்த்தேன். தையல்நாயகி அக்கா இரண்டு பக்கமும் என்றாள். மேஸ்திரி, மூக்கு என்றால் மூக்குதானே, அதில் என்ன பக்கம் என்றார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. எங்களைச் சொல்லியும் குற்றமில்லை. உப்பளத்தில் மூக்கு ஒழுகாத ஜீவன் எது? எங்களுக்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. கண் எரிந்தால் உப்பு, கால் வெடித்தால் உப்பு, மூக்கு ஒழுகினால் உப்பு. மேலே யோசிக்க வேண்டிய கஷ்டமே இல்லாமல் எல்லாப் பழியையும் உப்பின் தலையில் போட்டுப் பழகியவர்கள் நாங்கள்.

"தூரத்துல இருந்தே பாத்துச் சொல்லுங்க" என்றார் டாக்டர். "கொண்டு வர முடிஞ்சா கொண்டு வாங்க. மத்தியானம் வரைக்கும்தான் நான் இங்க இருப்பேன். அப்புறம் வெளியூர்ல கேம்ப். வெறியா இல்லையான்னு நான் பாத்துச் சொல்றேன். நீங்களா எதுவும் செஞ்சுடாதீங்க, புரியுதா?"

"கேட்டுச்சா மேஸ்திரி?" என்றேன்.

அவர் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் காலால் தட்டினார். "சுருக்குக் கம்பிக்காரங்க வர்றதுக்குள்ள டாக்டரம்மா வாயால ஒண்ணுமில்லன்னு சொல்ல வெச்சா, வுட்டுடறேன். இல்லன்னா நீ குறுக்க வரக் கூடாது செல்வி."

சொல்லி வாய் மூடவில்லை, நான் ஜில்லு போன வரப்பில் ஓடிக்கொண்டிருந்தேன்.

வரப்பு என்றால் இரண்டு பாதம் சேர்த்து வைக்க இடம் இருக்காது. இரண்டு பக்கமும் பாத்தி. அடியில் உப்பு பூத்து வெள்ளைப் பாலாடை மாதிரி படிந்து கிடக்கும். அதில் கால் பட்டால் சேறு கலங்கி உப்பு கறுத்துவிடும். பாத்தியில் கால் வைத்தவளுக்கு மேஸ்திரியிடம் கிடைக்கும் அர்ச்சனை அந்த வாரம் முழுக்கக் காதில் இருக்கும். ஜில்லு ஓட, நான் ஓட, எனக்குப் பின்னால் தையல்நாயகி அக்கா ஓட, அவளுக்குப் பின்னால் மேஸ்திரி கம்போடு ஓட, தூரத்தில் ஈசிஆரில் போன பஸ்ஸிலிருந்து பார்த்தவர்களுக்கு நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, எங்கள் உப்பளத்தில் என்றைக்குமே கல் கிடைக்காது. மேஸ்திரி உப்புக் கட்டியை எடுத்து எறிந்தார். அது காற்றிலேயே உதிர்ந்து போனது.

ஜில்லு ஒரு முனையில் சட்டென்று திரும்பியது. வரப்பு அங்கே முடிகிறது. முன்னால் பெரிய பாத்தி. குறுக்கே பாய்ந்தால் இரண்டே தாவலில் தப்பித்துவிடலாம். அது பாயவில்லை. பாத்தி ஓரத்தில் காலைத் தூக்கி, யோசித்து, மறுபடி வைத்துக்கொண்டு, சுற்றி வளைத்து அடுத்த வரப்பில் ஏறி ஓடியது. நான்தான் கால் தடுக்கிப் பாத்திக்குள் தொபீரென்று விழுந்தேன்.

"ஏய், பாத்தியில கால வெக்காத, உப்பு கலங்கிடும்" என்று மேஸ்திரி கத்தினார்.

முழங்கை வரை உப்புத் தண்ணீரோடு எழுந்து நின்றேன். எனக்குள் ஏதோ குபுகுபுவென்று பொங்கியது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

"மேஸ்திரி, பாத்தீங்களா? பாத்தியில கால வைக்கக் கூடாதுன்னு குட்டியா இருக்கும்போது நீங்க கத்துக் குடுத்தது. உயிருக்குப் பயந்து ஓடும்போதுகூட அதை மறக்கல. வெறி புடிச்ச நாயி வரப்புல சுத்திக்கினு போவுமா?"

அவர் கம்பை ஊன்றி நின்றார். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் விழுந்ததை நான் பார்த்தேன். எனக்கு அது போதும்.

ஜில்லு ஷெட் பக்கம் திரும்பிப் போயிருந்தது. நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது கௌதமன் உதட்டில் விரல் வைத்து நிற்கச் சொன்னார். ஷெட்டுக்கு வெளியே எங்கள் குடிதண்ணீர் டேங்க் இருக்கிறது. அதன் குழாய் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். கீழே கையகலப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஜில்லு அங்கே நின்று சுற்றும் முற்றும் பார்த்தது. பிறகு குனிந்து, நக்கி நக்கி, பள்ளம் காலியாகும்வரை குடித்தது. இடையில் ஒரு தும்மல். மறுபடி குடித்தது.

மேஸ்திரியின் வாய் ஈ புகுந்தாலும் தெரியாத அளவுக்குத் திறந்திருந்தது.

"தண்ணிக்குப் பயப்படல" என்றேன் மெதுவாக. "மக்குக்குத்தான் பயப்படுது. அக்கா, அந்த மக்குல அதை இன்னா பண்ணீங்க?"

தையல்நாயகி அக்கா முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். நான் கேட்டிருக்கவே வேண்டாம். எங்களுக்கு மூக்கடைத்தால் என்ன செய்வோம் என்று யோசித்தாலே போதும். கடைசிப் பாத்தியின் உப்பு முற்றிய தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து மூக்கால் உறிஞ்சிச் சிந்துவோம். மூளை வரை எரியும். ஆனால் அடைப்பு விட்டுவிடும். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் கைகண்ட வைத்தியம் அது. மாத்திரைக்கு அலைய வேண்டாம்.

"முந்தா நேத்து ஒரு வாட்டி, நேத்து காலைல ஒரு வாட்டி" என்று அழுகிற குரலில் சொன்னாள். "கழுத்தப் புடிச்சிக்கினு அந்த மக்குலதான் ஊத்துனேன். நல்லதுன்னுதான் செல்வி பண்ணேன். எனக்கு அப்படித்தானே சரியாப் போச்சு."

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. வைத்தியம் செய்ததும் இவர்களே. வைத்தியத்துக்குப் பயந்து ஓடினால் வெறி என்று சொல்லிக் குழி வெட்டியதும் இவர்களே. அக்கா முகத்தைப் பார்த்ததும் இரண்டையும் முழுங்கிவிட்டேன். "போய் அந்த மக்க கண்ணுல படாத எடத்துல வையுங்க" என்றேன்.

மக்கு மறைந்ததும் ஜில்லு என்னைப் பார்த்தது. நான் தரையில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தேன். கறிச்சோற்று வாசனைக்குப் பக்கத்துப் பாத்தி நாய்கள்கூடத் தலை தூக்கின. ஜில்லுவுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் வந்தது, அதுவும் என் குரலுக்காக. பாம்பைப் பத்தடிக்கு முன்னால் கண்டுபிடிக்கிற மூக்குக்குக் கறிச்சோறு தெரியவில்லை.

இப்போது அதன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். மூக்கைச் சுற்றி இரண்டு பக்கமும் உப்பு காய்ந்து வெள்ளையாக அப்பியிருந்தது. அதனால்தான் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வலது மூக்கில் அந்த வெள்ளை காய்ந்தே இருந்தது. இடது மூக்கிலிருந்து மட்டும் மஞ்சளாக, ரத்தக் கோடு ஓட, சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாற்றமும் வந்தது.

"மேடம், ஒரு பக்கம்தான், இடது பக்கம் மட்டும்தான்" என்று டாக்டருக்கு மறுபடி போன் போட்டுக் கத்தினேன். என்னவோ பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது எனக்கு.

"அப்ப உடனே கொண்டு வாங்க. ஒரு விஷயம், வாயைக் கட்டாதீங்க. மூக்கு அடைச்சிருந்தா அது வாயாலதான் மூச்சு விடும். கட்டுனீங்கன்னா வழியிலேயே போயிடும்."

மேஸ்திரி அப்போதுதான் துண்டை அவிழ்த்து, வாயைக் கட்டத் தயாராகக் கையில் முறுக்கி வைத்திருந்தார். அதைப் பேசாமல் மறுபடி தலையில் கட்டிக்கொண்டார். வாயைக் கட்டாமல் நாயைக் கொண்டுபோக வழி தையல்நாயகி அக்காதான் கண்டுபிடித்தாள். எக்கியார்குப்பத்து மீன்காரர்கள் போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் மீன் பெட்டிகள் இரண்டு ஷெட்டில் கிடந்தன. சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ஜில்லுவை ஒன்றுக்குள் உட்கார வைத்தேன். இன்னொன்றை மேலே கவிழ்த்து அக்கா கயிறு போட்டுக் கட்டினாள். நல்ல காற்றோட்டமான ஜெயில்.

"நானும் வர்றேன்" என்றார் மேஸ்திரி. "டாக்டரம்மா சொல்றத நீ மாத்திச் சொல்லிட்டின்னா?"

"வாங்க. பின்னாடி நாய் பக்கத்துலதான் எடம் இருக்குது."

கௌதமன் பாதி ஏற்றிய மூட்டைகளோடேயே வண்டியைக் கிளப்பினார். மெயின் ரோடு ஏறும் இடத்தில் எதிரே ஒரு பைக்கில் இரண்டு பேர், பின்னால் உட்கார்ந்தவன் கையில் கம்பிச் சுருக்கு. மேஸ்திரி வண்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று, "வேணாம்பா, போங்க, அப்புறம் சொல்றேன்" என்று கையை ஆட்டினார். அவர்கள் புரியாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்களைத் துரத்த ஆரம்பித்தார்கள். கௌதமன் பயந்து இன்னும் மிதித்தார். உப்பு மூட்டை ஏற்றிய குட்டி யானை அந்த வேகத்தில் போய் அந்த ரோடு பார்த்திருக்காது. கூனிமேட்டுக்கு முன்னால் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. ஹாரன் அடித்து, கெஞ்சி, ஒரு வழியாக நுழைந்து வெளியே வந்தோம். பின்னால் அந்த பைக் மந்தைக்குள் மாட்டிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு நான் கை தட்டினேன். பின்னால் ஜில்லு தும்மியது. அடுத்து மேஸ்திரி "அட சனியனே" என்பது கேட்டது. எங்கே தும்மியது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டேன்.

மாட்டாஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது சத்யப்ரியா டாக்டர் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். அந்தப் பை தரையைத் தொட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது.

கையுறை மாட்டிக்கொண்டு, மேல் பெட்டியை எடுக்கச் சொல்லி, வண்டியிலேயே வைத்து ஜில்லுவை வெகு நேரம் பார்த்தார். நிற்கிற விதம், கண், நாக்கு, தாடை எல்லாம். "தண்ணி குடிச்சுதா?"

நான் வாயைத் திறக்குமுன் மேஸ்திரியைப் பார்த்தேன். சொல்லட்டும், அவரே சொல்லட்டும்.

"குடிச்சுதுங்க" என்றார் மேஸ்திரி தரையைப் பார்த்து. "நானே பாத்தேன்."

"முழுங்குச்சா?"

"பள்ளமே காலியாயிடுச்சுங்க."

"தண்ணிக்குப் பயப்படறதெல்லாம் மனுஷங்களுக்கு வர்றது. வெறி வந்த நாய்க்குத் தொண்டை இழுத்துக்கும், தண்ணிகிட்ட போனாலும் முழுங்க முடியாம நிக்கும். இது அப்படித் தெரியல. இருந்தாலும் கொஞ்ச நாள் கட்டிப் போட்டுப் பாத்துக்கிட்டு இருங்க, நான் சொல்றப்ப அவிழ்த்து விடலாம்." பிறகு தன் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியைப் பளபளவென்று துடைத்தார். "இப்ப ஒண்ணு காட்டறேன், வாங்க."

அந்த எவர்சில்வர் மூடியை ஜில்லுவின் மூக்குக்கு முன்னால் பிடித்தார். எல்லோரும் குனிந்தோம். வலது மூக்குக்கு நேரே மூடியில் வட்டமாக ஆவி படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது. இடது மூக்குக்கு நேரே மூடி கண்ணாடி போல அப்படியே இருந்தது. ஒரு துளி ஆவிகூட இல்லை.

"இந்தப் பக்கம் காத்தே போகல. உள்ள ஏதோ மாட்டிக்கிட்டு இருக்கு."

மயக்க ஊசி போட்டு மேஜையில் கிடத்தினார். ஜில்லுவின் தலையை நான் பிடித்துக்கொண்டேன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நீளமான இடுக்கியை மூக்குக்குள் விட்டு, ஒரு பக்கம் திருப்பி, இன்னொரு பக்கம் திருப்பி, "இரு, இரு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இடுக்கி எதையோ கவ்வியது. மெல்ல மெல்ல வெளியே வந்தது, வந்துகொண்டே இருந்தது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பனை ஈர்க்கு, நுனியில் ஓலை நாரோடு, சளியும் ரத்தமுமாக. கூடவே குபுக்கென்று ரத்தம் வந்தது. பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தார். நின்றுவிட்டது.

"வந்துடுச்சு" என்று நான் சொன்னது ரோடு வரை கேட்டதாகக் கௌதமன் பிறகு சொன்னார்.

மேஸ்திரி அந்த ஈர்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கு உப்பு அம்பாரத்தைப் பனை ஓலை போட்டுத்தான் மூடுவோம். ஓலைக்கு அடியில் பெருச்சாளி புகுந்து குவியலைப் பறிக்கும்.

"நம்ம அம்பாரத்து ஓலை" என்றார். "நீ வளைகாப்புக்குப் போன அன்னிக்கு உள்ள பெருச்சாளி பூந்துச்சு செல்வி. நான்தான் சூ காட்டி வுட்டேன். தலைய உள்ள வுட்டு நோண்டுச்சு. கத்திக்கினு வெளிய வந்துச்சு. பெருச்சாளி கடிச்சிருக்கும்னு நெனச்சேன்."

திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் என் வாயில் அப்படியே கரைந்துவிட்டன. அதற்கு மேல் அவரை யார் திட்டுவது?

டாக்டர் எனக்கும் சேர்த்து அவருக்குச் சொன்னார். "ரெண்டு பக்கமும் தண்ணியா ஒழுகுது, நல்லா சாப்பிடுது, ஓடியாடுதுன்னா ஒரு நாள் ரெண்டு நாள் பாக்கலாம். கெட்டியா மஞ்சளா பச்சையா வந்தா, காய்ச்சல் இருந்தா, கண்ணுல பீளை கட்டுனா, சாப்பிடலன்னா காத்திருக்கக் கூடாது. ஒரே பக்கம் ஒழுகுனா, மூஞ்சிய தேய்ச்சுக்கிட்டே இருந்தா, ரத்தம் வந்தா அன்னைக்கே கொண்டு வரணும். உப்புத் தண்ணி ஊத்தறதெல்லாம் இதோட விட்டுடுங்க. அது ஏற்கெனவே இருந்த புண்ணுல எரிய விட்டிருக்கு."

"இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா" என்றார் மேஸ்திரி. டாக்டர் மறுபடி சொன்னார். அவர் உதடு அசைய மனப்பாடம் செய்ததை நான் பார்த்தேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மயக்கம் தெளிகிறவரை காத்திருந்து, வெயில் சாய்கிற நேரத்தில் உப்பளத்துக்குத் திரும்பினோம். தையல்நாயகி அக்கா போகாமல் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தாள். ஜில்லுவை இறக்கிவிட்டோம். கழுத்தில் கயிறு, கயிற்றின் மறுமுனை என் கையில். கால் கொஞ்சம் தள்ளாடியது. மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தது. ஒரு முறை, இன்னொரு முறை. பிறகு நேராக என் தூக்கு இருந்த இடத்துக்குப் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அழுதேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"மயக்கம் நல்லாத் தெளியட்டும், அப்புறம்தான் சோறு" என்று சொல்லி, கயிற்றை லேசாக இழுத்தேன். சோறு இல்லை என்றதும் ஜில்லு படுக்க இடம் தேடியது. தரையை மோந்துகொண்டே ஷெட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். எனக்குப் பின்னால் எல்லோரும் வந்தார்கள்.

மண்மேட்டில் காலையில் வெட்டிய குழி அப்படியே இருந்தது. ஜில்லு அதன் விளிம்பில் நின்றது. ஈர மண்ணை மோந்தது. உள்ளே இறங்கி, ஒரு சுற்று சுற்றி, இரண்டு காலால் மண்ணைப் பறித்துச் சரிசெய்து, சில்லென்ற தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொண்டது. அதன் அளவுக்கு வெட்டிய குழி. மிகச் சரியாக இருந்தது. தாடையை விளிம்பில் வைத்து, மேலே நின்ற மேஸ்திரியைப் பார்த்து வாலை ஆட்டியது.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமானது. அப்புறம் ஷெட்டுக்குள் போனார். மக்கைத் தேடுகிறாரோ என்று பயந்து நான் கூப்பிட வாயெடுத்தேன். அவர் தன் டிபன் கேரியர் மூடியில் தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் முகத்துக்கு நேரே வைத்தார்.

ஜில்லு மூடியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. பிறகு தலையை நீட்டிக் குடித்தது. குடிக்கக் குடிக்க மூடியின் விளிம்பில் ஆவி படிந்தது. மேஸ்திரி குனிந்து உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் வருது செல்வி" என்றார்.